பூஞ்சை பிடித்த ஆடியும் ஓரியன் நெபுலாவும்: நான்கு மாத வேலைக் குறிப்பு

2026 பிப்ரவரி 14, சனிக்கிழமை இரவு 10 மணி 40 நிமிடத்துக்கு ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தின் நடுவில் இருக்கும் நான்கு விண்மீன்களும் எனக்கு முதன்முறையாக நான்காகவே தெரிந்தன. இடம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலுக்கு அருகே ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டம்; தொலைநோக்கி நின்றது சித்தப்பா வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கும் சிமெண்டுக் கல்லின் மேல். நான்கு வாரங்களுக்கு முன்பு அதே கல்லின் மேல், அதே தொலைநோக்கியில், அவை மூன்று பக்கமும் இறக்கை முளைத்த ஒரே கறையாகத் தெரிந்திருந்தன. இடைப்பட்ட நாள்களில் வானத்தின் மேல் நான் போட்ட பழி கொஞ்சமல்ல.

கருவி தீபாவளிக்கு முந்திய வாரம் கைக்கு வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் வீடு மாறும்போது விற்றது: 150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி, அதனோடு விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும் ஓர் ஈக்வடோரியல் தாங்கி, 25 மற்றும் 10 மில்லிமீட்டர் கண்வில்லைகள், ஓர் இரட்டிப்பு வில்லை. எல்லாம் சேர்த்து 250 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). குழாய்க்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் விலை குறைந்ததன் காரணம் விளங்கியது. முதன்மை ஆடி, அதாவது குழாயின் அடியில் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, முழுவதும் சிலந்தி வலை போலக் கிளை கிளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் கேமராவின் வில்லையே இரண்டு மழைக்காலத்தில் பூத்துவிடும். ஏழெட்டு ஆண்டுகள் அலமாரியின் மேல் மூடி வைக்கப்பட்ட ஆடியைச் சொல்லவே வேண்டாம்.

முதல் தவற்றை அன்றிரவே செய்தேன். ஆடியைக் கழற்றாமல், குழாய்க்குள் கையை விட்டு, கண்ணாடி துடைக்கும் துணியால் ஓரத்தில் ஓர் இடத்தை நனைக்காமலேயே தேய்த்தேன். பூஞ்சை போனது, கூடவே மயிரிழைக் கீறல்கள் வந்தன. தொலைநோக்கி ஆடியின் பளபளக்கும் பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலப் பின்புறம் இருப்பதில்லை. கண்ணாடியின் முன்முகத்திலேயே மிக மெல்லிய அலுமினியப் பூச்சாக இருக்கிறது. அதன் மேல் உட்காரும் தூசியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் துணி உப்புத்தாள் ஆகிவிடும்.

மறுநாள் முறையாகத் தொடங்கினேன். குழாயின் அடிவிளிம்பில் இருந்த ஆறு திருகாணிகளைக் கழற்றினால் ஆடி தன் தட்டோடு வெளியே வந்துவிடும். தட்டில் ஆடியைப் பிடித்திருப்பவை மூன்று கவ்விகள். தட்டு குழாயில் எந்தத் திசையில் இருந்தது என்பதற்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சமையலறைத் தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்து, ஆடியை வைத்து, குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் அதன் மேல் ஓடவிட்டேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஆடி மூழ்கும்படி பத்து நிமிடம் ஊறவைத்தேன். அதற்குப் பிறகுதான் பஞ்சு. நனைந்த பஞ்சுத் துண்டைத் தண்ணீருக்கடியில் ஆடியின் மேல் வைத்து, விரலால் அழுத்தாமல், அதன் கனத்தாலேயே ஒரு முறை இழுத்து எறிந்துவிட வேண்டும். அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு. ஒரு பொட்டலம் முழுவதும் தீர்ந்தது. அசையாமல் நின்ற பூஞ்சைப் புள்ளிகளுக்கு மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றிச் சில நிமிடம் விட்டேன். கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, ஆடியைச் சுவரில் ஒட்டிச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து, நின்றுபோன நான்கைந்து துளிகளைக் காகிதக் கைக்குட்டையின் முனையால் ஒற்றி எடுத்தேன். நீர், பஞ்சு, ஆல்கஹால் எல்லாம் 18 வெள்ளி.

படர்ந்திருந்தது போயிற்று, ஆனால் மூன்று இடங்களில், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுக்கு, பூஞ்சை பூச்சையே தின்றிருந்தது. மனம் கொஞ்சம் உடைந்தது உண்மை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடியின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டர். அந்த மூன்று வடுக்களும் சேர்ந்து 3 சதுர சென்டிமீட்டர். குழாயின் நடுவில் தொங்கும் துணை ஆடியே 16 சதுர சென்டிமீட்டரை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. மறுபூச்சு கொடுக்க வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை அத்தோடு கைவிட்டேன்.

ஆடியைத் தட்டில் திரும்பப் பொருத்தியபோது, இனி ஆடவே கூடாது என்று கவ்விகளின் திருகாணிகளைத் திருப்புளியால் நன்றாக இறுக்கினேன். அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்து ஆடிகளை நேர்கோட்டில் கொண்டுவரும் வேலை. இணையச் சந்தையில் 55 வெள்ளிக்கு ஒரு லேசர் கருவி வாங்கி, கண்வில்லைக் குழலில் செருகி, அது காட்டிய சிவப்புப் புள்ளியின்படி துணை ஆடியையும் முதன்மை ஆடியையும் இரண்டு மாலைகள் திருகித் திருத்தினேன். மூன்றாம் மாலை ஏதோ தோன்றி லேசரைக் குழலுக்குள்ளேயே மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன். புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் ஆடியின் மேல் ஒரு வளையம் வரைந்தது. அளப்பதற்கு வாங்கிய கோலே கோணல். பலகையில் நான்கு ஆணிகளைக் குறுக்காக அடித்து ஒரு தாங்கல் செய்து, லேசரை அதில் கிடத்தி உருட்டி, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் புள்ளி அசையாமல் நிற்கும்வரை அதன் பக்கவாட்டில் பசைக்கு அடியில் ஒளிந்திருந்த மூன்று சிறு திருகாணிகளை ஆலன் சாவியால் திருத்தினேன். ஒன்றரை மணி நேர வேலை. நேர்மையாகச் சொன்னால், குழலின் பிளாஸ்டிக் மூடியில் நடுவாக 2 மில்லிமீட்டர் துளையிட்டு, அதன் வழியே கண்ணை வைத்துப் பார்ப்பதே எனக்கு அதைவிடத் தெளிவாக வழிகாட்டியது. அந்த மூடிக்குச் செலவு எதுவும் இல்லை.

தாங்கிதான் பெரிய ஏமாற்றம். ஈக்வடோரியல் தாங்கியின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குச் சற்று அதிகமான இடத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்த அச்சு ஏறக்குறையத் தரைமட்டமாகப் படுத்திருக்க வேண்டும். ஐரோப்பிய வானத்தை மனத்தில் வைத்துச் செய்த என் தாங்கியின் அளவுகோல் 20 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. தடுப்புத் திருகாணியைக் கழற்றிவிட்டு வலுக்கட்டாயமாக இறக்கினேன். எடைக்கல் தொங்கும் கம்பி முக்காலியின் காலில் போய் இடித்தது. காலைத் திருப்பி வைத்தால் முழு முக்காலியும் சாய்ந்தது. துருவ மீனைப் பார்த்துத் திசை வைக்கலாம் என்றால், அது பிறையில் எங்கள் வரிசை வீட்டுக்கு வடக்கே தொழிற்சாலை வெளிச்சத்துக்குள் அடிவானத்தில் புதைந்து கிடக்கிறது. ஊருக்குத்தான் பிறை என்று பெயர். நிலவே இல்லாத இரவிலும் வானம் வெளிறித்தான் இருக்கும்.

ஆகவே டிசம்பர் விடுமுறையில் தாங்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜான் டாப்சன் என்ற தொலைநோக்கி ஆர்வலர் 1960-களில் சான்பிரான்சிஸ்கோவில் பரப்பிய மரப்பெட்டி முறைக்கு மாறினேன். துருவம், எடைக்கல் எதுவும் வேண்டாம். பீரங்கி போல மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பினால் போதும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் அரைப்பலகையும் ஒரு துண்டு ஃபார்மிகாவும் 62 வெள்ளி. குழாயின் வெளிவிட்டம் 182 மில்லிமீட்டர். அதைச் சுற்றி உள்ளளவு 190 மில்லிமீட்டர் வரும்படி ஒரு தொட்டில் பெட்டி செய்து, இடைவெளியில் பழைய யோகா விரிப்பின் கீற்றுகளைச் செருகினேன். தொட்டிலின் இருபுறமும் காது போல நிற்பவை நான்கு அங்குல பிவிசி குழாய் மூடிகள், இரண்டும் 14 வெள்ளி. அவை உட்காரும் பள்ளங்களை ஜிக்சாவில் அறுத்தபோது இடப்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் ஆழம் கூடிப்போனது. ஒரு பக்கம் சாய்ந்த தொலைநோக்கியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தச்சுவேலை மாமா, "அளந்தது ஒரு தடவைதானே?" என்று மட்டும் கேட்டார். ஃபார்மிகாவில் நான்கு சில்லு வெட்டி அடியில் ஒட்டிச் சரிக்கட்டினேன்.

கிடைமட்டச் சுழற்சிக்கு நாற்காலிக் காலுக்கு ஒட்டும் கம்பளி வில்லைகளைப் போட்டது மூன்றாவது தவறு. வீட்டுக்குள் வெண்ணெய் போல வழுக்கியது. வெளியே பனி இறங்கிய அரைமணியில் கம்பளி ஈரம் குடித்து ஒட்டிக்கொண்டது. தள்ளினால் நகராது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் திடீரென்று குதித்து, பார்த்துக்கொண்டிருந்த பொருளைத் தாண்டிப் போய்விடும். கம்பளியைப் பிய்த்துவிட்டு, சித்தி வீட்டு அலமாரியில் கீறல் விழுந்து கிடந்த எல்பி இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைப் பெட்டியின் அடியில் ஒட்டினேன். கீழ்ப்பலகையில் முக்கோணமாக மூன்று டெஃப்லான் துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் சதுரம், மொத்தம் 20 வெள்ளி. இசைத்தட்டின் நடுத்துளையில் ஒரு போல்ட் அளவெடுத்தது போல நுழைந்தது. இந்த முழு வேலையிலும் நான் திருப்தியோடு சொல்லிக்கொள்ளக்கூடிய பகுதி இதுதான்: சுண்டுவிரலால் தொட்டால் நகர்கிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. சாயம் 22 வெள்ளி, திருகாணிகள் 11 வெள்ளி.

நாள் பார்ப்பது தனி வேலை. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில், அதாவது ஜனவரி, பிப்ரவரியில், மேற்குக் கரையில் மழை குறைந்து வானம் திறக்கும். ஓரியனும் அப்போதுதான் முன்னிரவில் உச்சிக்கு வரும். ஆனால் நம் பண்டிகைகள் இதற்கு ஒத்துழைப்பதில்லை. மார்கழித் திருவாதிரையன்று நிலா அந்த ஆதிரை மீனின் பக்கமாக ஏறக்குறைய முழு வட்டமாக நிற்கும். ஆதிரை இருப்பதே வேடன் உருவான ஓரியனின் தோளில் என்பதால், கும்பிட நல்ல நாள் பார்க்க ஆகாத நாளாகிவிடுகிறது. தைப்பூசமும் பௌர்ணமி. நிலவில்லாத இரவு வேண்டுமென்றால் சீனப் புத்தாண்டு வருகிறது, அது அமாவாசையை ஒட்டியே வரும், அன்றைக்கு வாணவெடிப் புகையில் வானமே தெரியாது. எஞ்சிய சனிக்கிழமைகளில் இரண்டைத் தேர்ந்தேன்.

ஜனவரி 17. காரில் தோட்டத்துக்குப் போனோம். தொலைநோக்கியைக் குளிரூட்டிய அறையிலிருந்து நேராகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பெட்டியைத் திறந்த மறுநிமிடம் இரண்டு ஆடிகளும் கண்வில்லையும் பனி படிந்து வெளுத்துவிட்டன. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அதன் பிறகு வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே குழாயைத் திருப்பியதும் நெபுலா வந்தது, மங்கலாக. நடுவில் மட்டும் அந்த மூன்றிறக்கைக் கறை. கலிலியோ 1617-இல் அதே இடத்தில் மூன்று விண்மீன்களைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய கருவியின் வில்லை என் ஆடியின் பாதி அகலம்கூட இல்லை.

காற்றின் கொதிப்பு, தோட்டத்தில் யாரோ குப்பை எரித்த புகை, நிபோங் திபால் நகரத்து வெளிச்சம் என்று காரணங்களை அடுக்கினேன். வீட்டுக்கு வந்து 165 வெள்ளிக்கு நெபுலா வடிப்பான் ஒன்றைத் தருவித்தேன். அது நெபுலா உமிழும் சில அலைநீளங்களை மட்டும் விட்டு, தெருவிளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். விண்மீன் கூர்மையாகத் தெரியாத குறைக்கு அது மருந்தே அல்ல என்பதைப் பணம் கட்டிய பிறகு யோசித்தேன்.

உண்மை பிடிபட்டது தைப்பூச வாரத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே. முழுநிலவில் வேறொன்றும் பார்க்க முடியாததால் ரைஜல் விண்மீனை வைத்து, குவியத்தை வேண்டுமென்றே இரண்டு பக்கமும் கலைத்துப் பார்த்தேன். நல்ல ஆடியில் அது வட்டத் தட்டாக விரிய வேண்டும். எனக்கு விரிந்தது முனை மழுங்கிய முக்கோணம். மூன்று முனை என்றதும் மூன்று கவ்விகள் நினைவுக்கு வந்தன. வானம் குற்றவாளியாக இருந்தால் முக்கோணம் போட்டுக் காட்டாது.

ஆடியை வெளியே எடுத்து, ஒவ்வொரு கவ்வியின் திருகாணியையும் தளர்த்தி, கவ்வியின் ரப்பருக்கும் ஆடிக்கும் நடுவே ஓர் எழுதுதாள் உரசாமல் நுழையும்வரை விட்டேன். ஆடியைக் காதருகே வைத்து அசைத்தால் மிக லேசாக ஒரு தட்டல் கேட்க வேண்டும். மொத்தம் இருபது நிமிடம், காசு செலவில்லை. விண்மீன் வட்டமாகிவிட்டது.

பிப்ரவரி 14 அன்று தொலைநோக்கியைக் காலையிலிருந்தே கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன். ஓரியன் நெபுலா அன்று இரவு 9 மணி 20 நிமிடத்துக்குத் தெற்கே உச்சியைக் கடந்தது, 79 பாகை உயரத்தில். மரப்பெட்டித் தாங்கிக்கு இது வாட்டமான இடமல்ல. குழாய் நட்டுக்குத்தலாக நிற்கும்போது இடமும் வலமும் திருப்புவது அம்மிக்கல்லை நின்ற இடத்தில் சுழற்றுவது போன்றது. மேற்கே சரிந்து 65 பாகைக்கு அருகில் வரும்வரை வியாழனையும் திருவாதிரையின் சிவப்பையும் பார்த்துப் பொழுதை ஓட்டினோம்.

25 மில்லிமீட்டர் கண்வில்லையில் 30 மடங்கு. முதலில் தெரிவது வெளிச்சமல்ல, வெளிச்சத்துக்குள் குடைந்து நிற்கும் ஒரு கரிய பள்ளம். மீனின் திறந்த வாய் போல நடுப்பகுதியை நோக்கி நுழைகிறது. அந்த வாயின் இருபுறமிருந்தும் இரண்டு மங்கலான கைகள் வளைந்து விரிகின்றன. ஒரு கை சட்டென்று கூர்மையான விளிம்போடு முடிகிறது. மற்றது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரைந்துபோகிறது. நேராக உற்றுப் பார்த்தால் சுருங்கிவிடும், கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் இருமடங்காக விரியும். வடக்கே ஓர் இருண்ட சந்துக்கு அப்பால் காற்புள்ளி வடிவத்தில் ஒரு சிறு துணுக்கு இருந்தது. நெபுலாக்களையும் விண்மீன் கொத்துகளையும் தொகுத்த மெசியேயின் பட்டியலில் பெரியது 42, இது 43. 10 மில்லிமீட்டர் கண்வில்லைக்கு மாற்றி 75 மடங்கில் பார்த்தபோது, கரிய வாயின் நுனியில் நான்கு ஊசிப்புள்ளிகள், ஒன்று மற்றவற்றைவிடப் பிரகாசமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. அந்தப் பிரகாசமான ஒன்றின் புற ஊதாக் கதிரால்தான் சுற்றியுள்ள வாயு முழுவதும் பெரும்பாலும் ஒளிர்கிறது.

சித்தப்பா கண்ணை வைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். "ஈர விறகுல பொகை கெளம்புனாப்ல இருக்குப்பா," என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுகள், பல்லவர்கள் மாமல்லபுரத்தில் பாறை குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம், இவ்வளவு பெரிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்றேன். இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

மகளுக்கு ஏமாற்றம். ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களில் இருக்கும் ரோஜா நிறமும் ஊதாவும் எங்கே என்று கேட்டாள். கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும். இருட்டுக்குப் பழகிய நம் கண் சிவப்பைக் கைவிட்டுவிடும், நெபுலாவின் ஆக்சிஜன் உமிழும் 500.7 நானோமீட்டர் பச்சை அதற்கு மிகவும் தோதான இடத்தில் விழுகிறது. எனக்கு வெளிறிய சாம்பலில் வெந்நீர்ப் பாசியின் சாயல் தெரிந்தது. அவளுக்கு வெறும் சாம்பல்தான். வடிப்பானைப் போட்டதும் கைகள் இன்னும் நீண்டன, ஆனால் நான்கு விண்மீன்களும் மங்கின. போடுவதும் எடுப்பதுமாக இருந்தோம். அந்த வடிப்பான் தோட்டத்தைவிடப் பிறையில்தான் காசுக்கு உழைக்கிறது. வீட்டு வாசலில் அது இல்லாமல் வெறும் மங்கல், இருந்தால் மீன்வாயாவது தெரிகிறது.

சிலிக்கா ஜெல்லும் காற்றுப்புகாப் பெட்டியும் 38 வெள்ளி சேர்த்து மொத்தச் செலவு 655 வெள்ளி. லேசரும் வடிப்பானும் இல்லாமல் 435 வெள்ளியில் இதே காட்சியைப் பார்த்திருக்கலாம். மீண்டும் செய்வதானால் பெட்டியின் அடியை இன்னும் 15 சென்டிமீட்டர் உயர்த்துவேன். குழாய் குட்டையானது என்பதால் இப்போது அந்தத் துவைக்கும் கல் இல்லாத இடத்தில் முதுகு போய்விடுகிறது. முன்வாயில் பனிமறைப்பாக யோகா விரிப்பின் மிச்சத்தைச் சுருட்டிச் செருகியிருக்கிறேன், அது போதும். முதல் கழுவலுக்கு முன்பே விண்மீன் ஒன்றைக் குவியம் கலைத்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தால், எந்தக் கோளாறு பழையது, எது என் கைவேலை என்று அன்றே தெரிந்திருக்கும்.

நால்வருக்கு இடையில் ஒளிந்திருக்கும் ஐந்தாவது விண்மீனை இரட்டிப்பு வில்லை போட்டு 150 மடங்கில் தேடினேன். அன்று காற்று அமையவில்லை. இப்போது ஏப்ரல், மாலை மழை தொடங்கிவிட்டது, ஓரியன் இருட்டும்போதே மேற்கே பனைகளை நோக்கிச் சரிந்து நிற்கிறது. ஆடி பெட்டிக்குள் இருக்கிறது. சிலிக்கா ஜெல் மணிகள் நேற்றுவரை நீலம் மாறவில்லை.